கடைக்காரரின்ர வட்சப்புக்குப் போடாமல் காணிப் பெர்மிற் பிறின்ற் எடுக்க வழி இருக்கோ?

குளத்தடிப் பெடியன் (முத்தையன்கட்டு)

வணக்கம் ஆக்கள். அப்பாவின்ர காணியை அம்மாவின்ர பேருக்கு மாத்திற அலுவல் ஒண்டு ஓடிக்கொண்டிருக்கு. பெர்மிற் (அரசு தந்த காணி அனுமதிப் பத்திரம்), அப்பாவின்ர மரணச் சான்றிதழ், அம்மாவின்ர அடையாள அட்டை, எங்கட மூண்டு பேரின்ர பிறப்புப் பதிவு எல்லாத்திலயும் ரெண்டு ரெண்டு கொப்பி வேணும். மூலப் பத்திரத்தைக் கையில கொண்டு திரிய அம்மா விடமாட்டா. ஏனெண்டு இஞ்ச இருக்கிறவைக்குச் சொல்லத் தேவையில்லை. 2009இல பங்கருக்குப் பங்கர் மாறேக்க மடியை விட்டு இறக்காமல் வச்சிருந்த சொப்பிங் பைக்குள்ள இருந்ததுகள். வீடு, மாடு, நகை ஒண்டும் மிஞ்சேல்ல, அந்தப் பை மட்டும் வந்தது. அதால போனில படம் எடுத்துக்கொண்டு ரவுணுக்குப் போனன்.

கடைத்தம்பி சுவரில ஒட்டியிருந்த நம்பரைக் காட்டி "இதுக்கு வட்சப்பில போடுங்கோ அண்ணை" எண்டார். போட்டன். அவர் கொம்பியூட்டரில திறக்கேக்க திரையைப் பார்த்தன். என்ர செய்திக்கு மேலையும் கீழையும் வரிசையாய் அடையாள அட்டை. ஆரோ ஒரு பிள்ளையின்ர பாஸ்போட் முன்பக்கம். ஆற்றையோ வங்கிப் புத்தகம். ஒரு மருந்துத் துண்டு, அதில வருத்தத்தின்ர பேரும் வாசிக்கக் கூடியதாய்க் கிடந்தது. நான் வெளிக்கிட்டாப் பிறகு வாற ஆளுக்கு என்ர அம்மாவின்ர அட்டையும் அப்பிடித்தானே தெரியும்?

காணாக்குறைக்கு, டொக்கியூமென்டாய்ப் போடாமல் படமாய்ப் போட்டது என்ர பிழை, சுருங்கிப் போச்சு. மடிப்பு விழுந்த இடத்தில இருக்கிற பெர்மிற் இலக்கம் 3ஓ 8ஓ எண்டு விளங்கேல்ல. கந்தோரில கொப்பியைத் திருப்பித் தந்திட்டினம்.

ரெண்டு பக்கமும் பிரவுசரில ஒரு பக்கத்தைத் திறந்தால் பைல் நேர போகும், இடையில ஒருத்தரிட்டயும் தங்காது எண்டு மச்சான் சொல்லுறான். உண்மையோ? டேட்டா எவ்வளவு தின்னும்? கனடாவில இருக்கிற சித்திக்கும் ஒரு செற் அனுப்பவேணும்.

வவுனியா வலையன்

மச்சான் சொன்னது முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசிக்குள்ளதான் விசயம் கிடக்கு.

இதுக்குப் பின்னால வேலை செய்யிறது வெப்ஆர்டிசி. வீடியோ கோலுக்கெண்டு வந்த சாமான். 2011இல கூகிள் அதின்ர மூலநிரலைத் திறந்துவிட்டது, 2021 தை மாசம் முறையான வலைத் தரமாய் அறிவிச்சவை. குரோம், பயர்பொக்ஸ், சபாரி எல்லாத்துக்குள்ளயும் பிறக்கேக்கயே இருக்கு, அதாலதான் அப் ஒண்டும் இறக்கத் தேவையில்லை. முகமும் குரலும் போற அந்த வழியிலயே டேட்டா சனல் எண்டு ஒண்டு இருக்கு. பைல் அதுக்குள்ளால போகும்.

கல்யாணத் தரகரை நினைச்சுக்கொள்ளுங்கோ தம்பி. உங்கட போனுக்கும் கடைக் கொம்பியூட்டருக்கும் ஆளை ஆள் தெரியாது. ரெண்டும் முதல்ல அந்தத் தளத்தின்ர சேர்வரிட்டப் போய் "என்ர விலாசம் இது, என்ர சாவியின்ர கைரேகை இது" எண்டு குடுக்கும். தரகர் அதை அங்காலையும் இங்காலையும் மாத்திக் குடுப்பார். அதோட அவற்ர வேலை முடிஞ்சுது. பைல் தரகற்ற படலையடிக்கும் வராது, ரெண்டு கருவியும் நேர கதைக்கும். போற வழி முழுக்கப் பூட்டு, அதுக்குப் பேர் டிடிஎல்எஸ். வெப்ஆர்டிசியில பூட்டுப் போடாமல் அனுப்பிறதுக்கு வழியே வைக்கேல்ல.

இனிக் கால்வாசி. தரகர் கள்ளன் எண்டால் கைரேகையை மாத்திக் குடுத்திட்டு நடுவில நிண்டு ரெண்டு பக்கத்துக் கதையையும் கேக்க ஏலும். அதால மூலநிரல் திறந்து கிடக்கிற தளமாய்ப் பாருங்கோ. நான் பாவிக்கிறது பெயார்ட்ரொப் எண்ட தளம். முந்தி எல்லாரும் ஸ்னாப்ட்ரொப் எண்டு திரிஞ்சவை, அது கைமாறி லைம்வயர் எண்ட கொம்பனிக்குப் போயிட்டுது. பழைய பேரை நம்பிப் போகாதேங்கோ.

அதோட, நேர கதைக்கிறதெண்டால் ஆளின்ர ஐபி விலாசம் (இன்ரர்நெட்டில கருவியின்ர இலக்கம்) ஆளுக்குத் தெரியத்தான் செய்யும். தெரியாத ஆளோட இந்த விளையாட்டு வேண்டாம். நேர வழி அம்பிடாட்டி டேர்ன் எண்ட இடைச் சேர்வரைச் சுத்திப் போகும். அங்கையும் பூட்டினபடிதான், அவரால திறக்க ஏலாது. ஆனால் "நேர போகுது" எண்ட கதை அதோட சரி.

டேட்டாவுக்குப் பயப்பிடாதேங்கோ. ரெண்டும் ஒரே வைஃபையில நிண்டால் பக்கம் திறக்கிற செலவு மட்டும்தான். 1.2 ஜிபி வீடியோ ஒண்டை இப்பிடி அனுப்பிப்போட்டு றீலோட் பாக்கியைப் பார்த்தன், சில எம்பிதான் குறைஞ்சிருந்தது.

மாங்குளம் ரீச்சர்

எனக்கு ஒரு சந்தேகம். போன கிழமை வீட்டில் இருந்து, போன் டேட்டாவில், இப்படி ஒரு பக்கத்தைத் திறந்தேன். வீட்டில் நானும் பூனையும்தான். திரையில் வேறு இரண்டு கருவிகள் நின்றன. நிறமும் மிருகமும் சேர்ந்த ஏதோ பெயர்கள். ஒன்று ஐபோன் என்றும் காட்டியது. எங்கள் ஒழுங்கையில் ஐபோன் வைத்திருப்பவர் எவரும் இல்லை. பயத்தில் போனையே நிறுத்திவிட்டேன். இவ்வளவு பாதுகாப்பு என்று சொல்லும் பக்கத்தில் அந்நியர் எப்படி வந்தார்?

வவுனியா வலையன்

ரீச்சர், நல்ல கேள்வி. அவர் உங்கட வீட்டுக்குள்ள வரேல்ல. நீங்கள் ரெண்டு பேரும் ஒரே படலைக்குள்ள நிக்கிறியள் எண்டு அந்தப் பக்கம் நினைச்சிட்டுது.

இந்தத் தளங்கள் "பக்கத்தில இருக்கிற கருவி" எண்டு கண்டுபிடிக்கிறது வெளி ஐபி விலாசத்தைப் பார்த்து. ஒரு வீட்டு ரூட்டருக்குப் பின்னால இருக்கிற எல்லாத்துக்கும் வெளியில ஒரே விலாசம். ஒரே விலாசமெண்டால் ஒரே வீடு எண்டு கணக்கு. போன் டேட்டாவில அந்தக் கணக்குப் பிழைக்கும். ஐபிவி4 விலாசம் உலகத்துக்கே 430 கோடிக்குக் கிட்டத்தான், ஆளுக்கு ஒண்டு காணாது. அதால போன் கொம்பனிகள் கனபேரை ஒரே வெளி விலாசத்துக்குப் பின்னால நிப்பாட்டுறவை. உங்கட போனுக்குள்ள 100.64 எண்டு துவங்கிற விலாசத்தைக் கண்டால் அதுதான், இந்த அலுவலுக்கெண்டே 2012இல ஒதுக்கின இலக்கங்கள். அந்தப் படலைக்குள்ள வீடு ஒண்டில்லை ரீச்சர், ஒரு ஊரே கிடக்கு. அந்த ஐபோன்காரர் மன்னாரில நிண்டாலும் நிப்பார்.

அவரால உங்கட போனுக்குள்ள கை வைக்க ஏலாது. அவர் ஒண்டை அனுப்பினாலும் நீங்கள் ஏற்கவேணும். பயம் அங்க இல்லை. விரல் தடுமாறி உங்கட பைலை நீங்களே அவருக்கு அனுப்பிறதுதான் பயம். அதால பட்டியலில நிக்கிற பேரைத் தட்டாதேங்கோ. பெயார்ட்ரொப்பில ரெண்டு கருவியையும் 6 இலக்கக் கோட் போட்டோ கியூஆர் பிடிச்சோ சோடி சேர்க்கலாம். கோட் தெரிஞ்ச கருவியோட மட்டும் அலுவல் பாருங்கோ.

கிளிநொச்சிக் கடைக்காரி

ரெண்டு நாளாய் வாசிச்சுப்போட்டுச் சும்மா இருந்தன். இனி ஏலாது.

நானும் ஒரு கொமினிக்கேசன் கடைக்காரிதான். எல்லாரும் கடைக்காரருக்குச் சாத்துறியள். நாங்கள் ஏன் வட்சப் நம்பரைச் சுவரில ஒட்டினனாங்கள் எண்டு தெரியுமே? முந்தி எல்லாரும் பென்டிரைவ் கொண்டு வந்தவை. ஒரு பென்டிரைவ் குத்தினால் போல்டர் எல்லாம் மறைஞ்சு சோட்கட்டாய் நிக்கும், அந்த வைரஸை நான் அடுத்த ஆளின்ர பென்டிரைவுக்கும் ஏத்தி விடுவன். ரெண்டு தரம் கொம்பியூட்டரை அடியோட போமட் பண்ணினன். பேந்து புளுடூத். ஒரு பிடிஎப் வாறதுக்குள்ள லைனில பத்துப் பேர். வட்சப் வந்தாப் பிறகுதான் மூச்சு விட்டது.

வலையன் தம்பி பூட்டு, சாவி, தரகர் எண்டு வடிவாய்ச் சொன்னவர். ஆனால் வட்சப்பும் பூட்டித்தானே போகுது தம்பி, 2016இல இருந்து? குளத்தடிப் பெடியன் கண்டது வழியில களவு போனதை இல்லை. என்ர மேசையில சிந்திக் கிடக்கிறதை. நீங்கள் நேர அனுப்பினாலும் அது என்ர டவுன்லோட்ஸ் போல்டருக்குள்ளதான் வந்து விழும். இதை வாசிச்சுப்போட்டு அந்தப் போல்டரைத் திறந்தன். மவுஸை உருட்டி உருட்டி 2021க்கு வந்தும் இன்னும் கீழ கிடக்கு. ஆரின்ரயோ சாதகம், ஆரின்ரயோ விவாகரத்துக் கடிதம். எனக்கே வெக்கமாய்ப் போச்சு. ஒண்டையும் நான் வாசிக்கிறேல்ல, ஆனால் அழிச்சதும் இல்லை.

அதுக்கு என்ன செய்யிறது எண்டு சொல்லுங்கோ. இன்கொக்னிற்றோவில திறந்தால் சரியோ?

மாங்குளம் ரீச்சர்

அக்கா, நீங்கள் மனந்திறந்து சொன்னதே பெரிய விடயம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இலங்கையில் நிறைவேறியிருக்கிறது. பிறருடைய விவரங்களை வைத்திருப்பவர் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு.

கிளிநொச்சிக் கடைக்காரி

சட்டம் வரட்டும் ரீச்சர். முதல்ல பிறின்ரருக்கு ரோனர் வரட்டும் 😄

வவுனியா வலையன்

அக்கா சொன்னது சரி, நான் வழியைப் பற்றியே கதைச்சுப்போட்டு முடிவிடத்தை விட்டிட்டன்.

இன்கொக்னிற்றோ காணாது. அது போய்ப் பார்த்த பக்கங்களின்ர வரலாற்றைத்தான் மறக்கும். இறக்கின பைல் டிஸ்கில அப்பிடியே கிடக்கும். கன பேர் இதில ஏமாறுறவை.

விண்டோஸ் 10, 11 ரெண்டிலயும் செற்றிங்ஸுக்குள்ள, சிஸ்டம், ஸ்ரோறேஜ் எண்டு போனால் ஸ்ரோறேஜ் சென்ஸ் எண்டு ஒண்டு இருக்கு. அதை ஓன் பண்ணிப்போட்டு உள்ள போங்கோ. டவுன்லோட்ஸில திறக்காமல் கிடக்கிறதை 1 நாளில அழி எண்டு குடுக்கலாம், றீசைக்கிள் பின்னுக்கும் அப்பிடி. தினமும் ஓடு எண்டும் சொல்லிவிடுங்கோ. உங்கட சொந்தப் பைல் ஏதும் டவுன்லோட்ஸுக்குள்ள இருந்தால் முதல்ல வேற இடத்துக்கு மாத்துங்கோ, பேந்து என்னைப் பேசாதேங்கோ. பழசெல்லாத்தையும் இண்டைக்கே கையால சிப்ட் டிலீற்.

பெரிய போட்டோகொப்பி மெசின் வச்சிருக்கிறவைக்கு இன்னொண்டு: சில மெசினுக்குள்ள ஹாட்டிஸ்க் இருக்கும், ஸ்கான் பண்ணினதை அதுவும் வச்சிருக்கும். விக்கேக்க அதையும் யோசியுங்கோ.

வட்சப்பை விட இதில கடைக்கு லாபம் எண்டு நான் நினைக்கிறது: ஆளின்ர நம்பர் உங்களிட்ட வராது, உங்கட கதைப்பட்டியலில அவரின்ர அட்டை நிக்காது. போல்டர் ஒண்டை மட்டும் துடைச்சால் முடிஞ்சுது.

பரந்தன் கமெரா

நடுவில புகுந்ததுக்கு மன்னிக்கவும். நாங்கள் கல்யாண வீடு, சாமத்தியம், வட்டப்பளைப் பொங்கல் எண்டு எடுக்கிற ஆக்கள். எங்களுக்குப் பைல் எண்டால் 3 எம்பி பெர்மிற் இல்லை. ஒரு கல்யாணம் 60 ஜிபி. லண்டன் மாப்பிளை வீட்டுக்கு இப்பிடி நேர அனுப்ப வெளிக்கிட்டு 12 ஜிபி வீடியோ ஒண்டு 90 வீதத்தில போய் நிண்டிட்டுது. அவற்ர போனில பக்கமே செத்துப் போச்சு. திரும்ப முதல்ல இருந்து. இதுக்கு என்ன பரிகாரம்?

வவுனியா வலையன்

அண்ணை, உங்களுக்கு இது தோதில்லை. அனுப்புற பக்கம் பைலைத் துண்டு துண்டாய், கிலோபைட் கணக்கில வெட்டி விடும். வாங்கிற பக்கம் அதுகளைப் பொறுக்கிச் சேர்த்து வைக்கவேணும். கன பிரவுசர் முழுசும் வந்து முடியுமட்டும் போனின்ர நினைவகத்துக்குள்ளயே வச்சிருக்கப் பார்க்கும். 12 ஜிபியை வைக்க அந்தப் போனில எங்க இடம்? திரை அணைஞ்சாலும் போன் அந்தப் பக்கத்தை நித்திரையாக்கிப் போடும். விட்ட இடத்தில இருந்து தொடரவும் பெரும்பாலும் ஏலாது.

கணக்கும் பாருங்கோ. உங்கட லைனின்ர அப்லோட் வேகம் 5 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 5 மெகாபிட்) எண்டால் 4 ஜிபிக்கே 1 மணி 47 நிமிசம். 60 ஜிபிக்கு 26 மணித்தியாலத்துக்கு மேல, அதுவும் கரண்ட் ஒருக்காலும் போகாமல் இருந்தால். லண்டனுக்கு ஆரும் போனால் ஹாட்டிஸ்கைக் குடுத்துவிடுங்கோ, வாற கிழமை போய்ச் சேரும். ஸ்டூடியோவுக்குள்ள போனில இருந்து கொம்பியூட்டருக்கு எண்டால் லோக்கல்சென்ட் அப்பைப் போடுங்கோ. பிரவுசர் இல்லை, ஆனால் இன்ரர்நெட்டே தேவையில்லை, ரூட்டர் எரிஞ்சால் காணும்.

பரந்தன் கமெரா

முந்தி பயர்பொக்ஸ் சென்ட் எண்டு ஒண்டு இருந்தது, அது எவ்வளவு வசதி.

வவுனியா வலையன்

அது நேர வழி இல்லை அண்ணை. சேர்வரில பூட்டி வச்சிட்டு லிங் தாறது. 2019 பங்குனியில வந்து 2020 புரட்டாதியில மூடினவை, மல்வெயார் அனுப்பிறவை அதுக்குள்ள புகுந்திட்டினம். இருந்திருந்தாலும் 2.5 ஜிபிதான் விட்டது, உங்கட கல்யாணத்தில தாலி கட்டுறதுக்கும் காணாது.

சித்தி ஸ்காபரோ

தம்பிமாரே, அந்தக் கனடாச் சித்தி நான்தான். மகன் லிங் அனுப்பி என்னையும் இதுக்குள்ள இழுத்திட்டான். நேற்று இவன் 6 இலக்கம் சொல்ல நான் போட்டன். சோடி சேர்ந்தது எண்டு காட்டினது, பிறகு சுத்திக்கொண்டே நிண்டுது. எனக்கு விடிய வேலை, அவனுக்குப் பின்னேரம். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில பக்கத்தைத் திறந்து வச்சுக்கொண்டு இருக்கவேணுமாம். கோப்பி ஆறினதுதான் மிச்சம். அக்காவின்ர பத்திரத்தை எனக்குத் தபாலில அனுப்பினாலே வந்திருக்கும் போல.

குளத்தடிப் பெடியன்

வலையன் அண்ணை தனிச் செய்தியில சொன்ன மாதிரி மடிக்கணினியில குரோமின்ர வெப்ஆர்டிசி இன்டர்னல்ஸ் பக்கத்தை, இணைப்பு எந்த வழியால போகப் பார்க்குது எண்டு காட்டுறதை, திறந்து பார்த்தன். முழுக்க ஆங்கில எழுத்துக் கூட்டம். ஹோஸ்ட் (கருவியின்ர உள் விலாசம்) எண்டு ரெண்டு வரி, ஸ்டன் சேர்வர் சொன்ன வெளி விலாசம் ஒரு வரி. ஒண்டும் பொருந்தேல்ல, எல்லாம் பெயில்ட். ரிலே, அதாவது டேர்ன் வழி, எண்ட வரியே இல்லை. நான் போன் டேட்டாவில, சித்தி அப்பார்ட்மென்ட் வைஃபையில.

வவுனியா வலையன்

அதுதான் விசயம். உங்கட பக்கம் ஊரே நிக்கிற படலை, சித்தியின்ர பக்கம் கட்டடத்துப் படலை. ரெண்டும் உள்ளுக்குள்ள இருந்து கூப்பிட்டாத்தான் திறக்கும், அதுவும் கூப்பிட்ட ஆளுக்கு மட்டும். டேர்ன் இல்லாத இடத்தில இப்பிடி முட்டிக்கொண்டு நிக்கும். லைன் ரூட்டர் இருக்கிற வீட்டில இருந்து முயற்சி செய்தால் சிலநேரம் வழி திறக்கும்.

உண்மையைச் சொன்னால் சித்திக்கு இது தேவையில்லை. 7-சிப் எண்ட மென்பொருளால பிடிஎப்புகளை ஒரே பைலாய்க் கட்டி நீளமான பாஸ்வேட் ஒண்டு போடுங்கோ, பூட்டு ஏஇஎஸ்-256, காணும். போனெண்டால் இசட்ஆர்கைவர் அப்பும் செய்யும். கட்டினதை ஈமெயிலில விடுங்கோ. பாஸ்வேட்டை ஈமெயிலில எழுதாமல் கோல் எடுத்து வாயால சொல்லுங்கோ. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில முழிச்சிருக்கவும் தேவையில்லை.

மட்டுறுத்துநர்

"இப்படியா வரவேண்டும்" என்று கேட்டு அடையாள அட்டையின் படத்தையே இந்த இழையில் போட்ட உறுப்பினரின் பதிவு நீக்கப்பட்டது. இந்த இழையிலா தம்பி?

சித்தி ஸ்காபரோ

வந்திட்டுது. பாஸ்வேட்டுக்கு எங்கட பழைய நாயின்ர பேரும் கிணத்தடி மரத்தின்ர பேரும் சேர்த்துப் போட்டிருக்கிறான், சொன்னவுடன எனக்கு அழுகை வந்திட்டுது. பெர்மிற்றைப் பெருப்பிச்சுப் பார்த்தன். மூலையில அத்தானின்ர கையெழுத்து. அந்த வளைஞ்ச சுழி. அவற்ர கையெழுத்து என்னட்ட வேற ஒண்டிலும் இல்லை.

இலக்கம் 8 மகன். 3 இல்லை.

குளத்தடிப் பெடியன்

ஓம் சித்தி, 8தான். இண்டைக்கு அதே கடைக்குத்தான் போனன். தம்பியிட்டக் கேட்டன் உங்கட வைஃபையில சேர விடுவியளோ எண்டு. ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் விட்டார். அவற்ர கொம்பியூட்டரில பக்கத்தைத் திறந்து இலக்கத்தை அடிச்சம். 6 பிடிஎப், மூச்சு விடுறதுக்குள்ள போயிட்டுது. பிறின்ற் எடுத்தாப் பிறகு அவரைக் கொண்டே டவுன்லோட்ஸைத் திறந்து சிப்ட் டிலீற் அடிக்க வச்சன். "அண்ணை நீங்கள் பொலிசோ?" எண்டு கேட்டார். போன முறை வட்சப்பில போட்டதையும் அழிக்கச் சொன்னன். தேடி எடுக்க அவருக்கு 4 நிமிசம், பின்னுக்கு நிண்டவை பேசத் துவங்கிட்டினம்.

கொப்பியைக் குடுத்தாச்சு. இந்தமுறை எடுத்தவை.

கிளிநொச்சிக் கடைக்காரி

நானும் கியூஆர் அடிச்சுக் கண்ணாடியில ஒட்டிட்டன், வட்சப் நம்பருக்குப் பக்கத்தில. கீழ "உங்கட பைல் எங்களிட்டத் தங்காது" எண்டு பெரிசாய் எழுதினன். போல்டரையும் துடைச்சாச்சு, ஸ்ரோறேஜ் சென்ஸும் போட்டாச்சு.

முதல் வந்த ஐயா கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டி முழுசையும் வாசிச்சார். "இதுக்கு எவ்வளவு பிள்ளை?" எண்டார். இதுக்குக் காசில்லை ஐயா, பிறின்ற்றுக்கு மட்டும்தான் எண்டன்.

"அப்ப வட்சப்பிலயே அனுப்பிறன். தங்கட்டும். துலைஞ்சால் உன்னட்ட வந்து எடுக்கலாம்" எண்டார்.